முப்பது கிலோமீட்டர் சட்டமும் ஓர் எல்லையோர ஊரும்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் பாதி வழி தாண்டியதும் உத்தனப்பள்ளி வந்துவிடும். ஒரு பக்கம் தக்காளியும் ரோஜாவும் சாமந்தியும் விளைகிற செம்மண். இன்னொரு பக்கம் சமீப வருடங்களில் முளைத்த தொழிற்சாலைகளும், அவற்றின் தொழிலாளர்களுக்கான விடுதிகளும். டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது, இந்தி என்று ஒரு குட்டி இந்தியாவே காதில் விழும்.

கர்நாடக எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லைதான். ஆனால் பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் தாண்டிவிடலாம். அத்திபெலே, சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகணி என்று அந்தப் பக்கம் போய் வேலை பார்ப்பதும், சரக்கு இறக்குவதும், கடன் வாங்குவதும், பெண் எடுப்பதும் இங்கே அன்றாடம். மாநில எல்லை என்பது அத்திபெலே டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரும் ஒரு சமாச்சாரம்.

போலீஸ் வரும்போதுதான் அது வேறு விதமாக ஞாபகத்துக்கு வருகிறது.

ஒரு பூ விவசாயி இருப்பதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். பெங்களூரு மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போக, சந்தாபுராவில் ஒருவரிடம் கடன் வாங்கி ஒரு பிக்கப் வண்டி எடுக்கிறார். கடனுக்கு ஈடாக நாலைந்து செக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். விலை விழுந்த ஒரு சீசனில் செக் திரும்புகிறது. வழக்கு எங்கே நடக்கும்? உத்தனப்பள்ளிக்காரர், ஓசூர் பேங்க் செக், ஆகவே ஓசூரில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2014-ல் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது, செக் கொடுத்தவரின் பேங்க் இருக்கும் ஊரில்தான் வழக்கு என்று. ஆனால் 2015-ல் நாடாளுமன்றம் செலாவணி முறிச் சட்டத்தைத் திருத்தி அதை மாற்றிவிட்டது. இப்போது, பணம் வாங்க வேண்டியவர் தன் கணக்கில் செக்கைப் போட்டால், அந்தக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்தான். சந்தாபுரா ஆனேக்கல் தாலுகாவில் வருகிறது. ஆக, வழக்கு ஆனேக்கல் கோர்ட்டில்.

சம்மன் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். அல்லது வந்த கடிதம் கன்னடத்தில் இருந்ததால் பேங்க் நோட்டீஸ் என்று பரணில் போட்டிருக்கலாம். இரண்டு வாய்தா, மூன்று வாய்தா ஆள் வரவில்லை. கோர்ட் ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட் போட்டுவிடுகிறது. (செக் மோசடி என்று ஊரில் சொல்லப்படும் 138-ம் பிரிவுக் குற்றம் சட்டப்படி ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆனால் கோர்ட்டுக்கு வராதவரைப் பிடிக்கப் போடும் வாரண்ட் மட்டும் ஜாமீனில் விட முடியாததாக இருக்கலாம். இந்த முரண்பாடு பலருக்கும் தெரியாது.) முதலில் சம்மன், பிறகு ஜாமீன் வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் மற்றது என்ற படிநிலையை 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழ்க் கோர்ட்டுகளின் தினசரி கட்டு நெரிசலில் அது எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படும் என்பது வேறு கதை.

ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மஃப்டியில் இரண்டு பேர் கதவைத் தட்டுகிறார்கள். கையில் ஒரு காகிதம், வாயில் கன்னடம், வாசலில் வண்டி.

இனிமேல் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1973-ம் ஆண்டுச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. (தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பழகுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்!) சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். பழையதில் 484 பிரிவுகள், இதில் 531. இந்தச் சட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் நடந்த விவாதம் பெயர் சமஸ்கிருதமா, போலீஸ் காவல் பதினைந்து நாளா அதற்கு மேலா, கைவிலங்கு போடலாமா கூடாதா என்பதோடு நின்றுவிட்டது. அவை முக்கியமான கேள்விகள்தான். ஆனால் ஓசூர், தளி, உத்தனப்பள்ளி மாதிரி எல்லையோர ஊர்களுக்கு அதைவிட நெருக்கமான விஷயம் 79 முதல் 83 வரையிலான ஐந்து சின்னப் பிரிவுகளில் இருக்கிறது. வெளி மாவட்டத்து, வெளி மாநிலத்து வாரண்ட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

79-ம் பிரிவு ஒரே வரிதான்: பிடிவாரண்டை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் நிறைவேற்றலாம். ஆகவே ஆனேக்கல் வாரண்டோடு உத்தனப்பள்ளிக்கு வந்தது தப்பே இல்லை. இதில் யாரும் மாநில ரோஷம் காட்டிப் பயனில்லை. அதே நேரத்தில், வருகிறவர்களைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்பதும் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் சில கதவுகள் வைத்தார்கள்.

முதல் கதவு 81-ம் பிரிவு. வெளியூர் போலீஸ் வாரண்டை உள்ளூர் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியிடமோ, தாசில்தார், சப்-கலெக்டர் மாதிரி ஒரு நிர்வாகத்துறை மாஜிஸ்திரேட்டிடமோ காட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்க வேண்டும். அதாவது உத்தனப்பள்ளி ஸ்டேஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்தில் ‘சாதாரணமாக’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. கையெழுத்து வாங்கப் போனால் தாமதமாகி ஆள் தப்பிவிடுவான் என்று தோன்றினால், வாங்காமலேயே பிடிக்கலாம் என்றும் இருக்கிறது. தோன்ற வேண்டியது பிடிக்க வந்தவருக்குத்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

இரண்டாவது கதவுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே. 82-ம் பிரிவின் முதல் உட்பிரிவு. வாரண்ட் போட்ட மாவட்டத்துக்கு வெளியே ஒருவரைப் பிடித்தால், பிடித்த இடத்து மாஜிஸ்திரேட் அல்லது மாவட்ட எஸ்.பி. முன்னால் முதலில் நிறுத்த வேண்டும். அவர் மூன்று வேலை செய்வார். பிடித்து வந்த ஆள் உண்மையிலேயே வாரண்டில் உள்ள ஆள்தானா என்று பார்ப்பார். ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, ஆளும் ஜாமீன் கொடுக்கத் தயாராக இருந்தால், அங்கேயே ஜாமீன் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார். இல்லையென்றால்தான் அந்த ஊர் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்வார். ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும்கூட, ஆள் பிடிபட்ட மாவட்டத்தின் தலைமைக் குற்றவியல் நடுவரோ செஷன்ஸ் நீதிபதியோ காகிதங்களைப் பார்த்து ஜாமீன் தரலாம் என்று 83-ம் பிரிவு சொல்கிறது. அதாவது ஆனேக்கல் வழக்குக்குக் கிருஷ்ணகிரியில் ஜாமீன்.

நம்முடைய பூ விவசாயிக்கு இந்தக் கதவு திறந்தால் மதியத்துக்குள் வீடு வந்துவிடுவார். 138-ம் பிரிவுதான் ஜாமீனில் விடக்கூடிய குற்றமாயிற்றே.

முதலாவது வேலையையும் லேசாக நினைக்க வேண்டாம். முனியப்பா மகன் முனிராஜ், வெங்கடேசப்பா மகன் மஞ்சுநாத்... இந்தப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துக்கு இப்படி எத்தனை பேர் தேறுவார்கள்! வாரண்டில் இருப்பது பெரும்பாலும் பெயர், தகப்பன் பெயர், ஊர் மட்டும்தான். போட்டோ கிடையாது. ஒரு வாரண்டுக்குக் காலாவதித் தேதியும் கிடையாது. போட்ட கோர்ட் ரத்து செய்யும்வரை அல்லது நிறைவேறும்வரை உயிரோடு இருக்கும் என்று 72-ம் பிரிவு சொல்கிறது. ஐந்து வருடம் முன்பு போட்ட வாரண்டோடு, இப்போது அந்த விலாசத்தில் குடியிருக்கும் அதே பெயர்க்காரரை யாராவது தேடி வந்தால், ‘இவர் அவரில்லை’ என்று சொல்ல ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளூர் மாஜிஸ்திரேட் முன்னால் என்றால் ஊரே வந்து நிற்கும். ஆனேக்கலில் யார் வருவார்?

இவ்வளவு நல்ல கதவுக்கு சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வாரண்ட் போட்ட கோர்ட், ஆளைப் பிடித்த இடத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருந்தால், உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டாம். நேரே கொண்டு போகலாம்.

ஓசூரிலிருந்து ஆனேக்கல் சுமார் 15 கிலோமீட்டர்.

சேலத்துக்காரரை, திருச்சிக்காரரை, தூத்துக்குடிக்காரரைப் பிடிக்க ஆனேக்கல் வாரண்ட் வந்தால் அந்த ஊர் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். ஓசூர்க்காரரை நிறுத்த வேண்டாம்! கர்நாடகத்து வாரண்ட் அடிக்கடி வரக்கூடிய ஊர் எதுவோ, அந்த ஊருக்கு மட்டும் கதவு இல்லை. உத்தனப்பள்ளி விஷயம் இன்னும் வேடிக்கை. சாலை வழியாகப் பார்த்தால் ஓசூரைச் சுற்றிக்கொண்டு ஆனேக்கல் போக 30 கிலோமீட்டருக்கு மேலேயே ஆகும். ஆனால் மத்தியச் சட்டங்களில் தூரத்தைச் சாலையில் அளப்பதில்லை. 1897-ம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 11-ம் பிரிவுப்படி, வேறு மாதிரி சொல்லப்படாவிட்டால் தூரம் என்பது நேர்கோட்டில், சமதளத்தில். வரைபடத்தில் அப்படி ஸ்கேல் வைத்து அளந்தால் உத்தனப்பள்ளி 30 கிலோமீட்டர் கோட்டை ஒட்டி வந்து நிற்கிறது. ஒருவர் எந்தத் தோட்டத்தில் பிடிபட்டார் என்பதைப் பொறுத்து அவருடைய உரிமை மாறும். காகம் பறக்கிற வழியில் போலீஸ் ஜீப் போவதில்லை, ஆனால் சட்டம் போகிறது.

இந்த 30 எங்கிருந்து வந்தது? 1898-ம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தில் 20 மைல் என்று இருந்தது. 1973-ல் சட்டத்தைத் திருப்பி எழுதியபோது மைலைக் கிலோமீட்டராக்கி, கொஞ்சம் தட்டி 30 ஆக்கினார்கள். 2023-ல் காலனி ஆதிக்கச் சுவடுகளை அழிக்கிறோம் என்று சொல்லி மறுபடி எழுதியபோது, அந்த 30 அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. மாட்டு வண்டிக் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். பக்கத்து ஜில்லா கோர்ட் அருகிலேயே இருக்கும்போது, ஆளைத் தூரத்திலுள்ள கலெக்டர் ஊருக்கு இழுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவது கைதிக்கே தொல்லை. ஆனால் அந்த 20 மைல் எழுதப்பட்டபோது ஓசூர் சென்னை மாகாணத்துச் சேலம் ஜில்லா. ஆனேக்கல் மைசூர் சமஸ்தானம். இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே வண்டிப் பயணத்தில் வரப்போகிற நாளை அப்போது யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

30 கிலோமீட்டர் தானே, எங்கே நிறுத்தினால் என்ன, ஆனேக்கல் ஜட்ஜும் ஜாமீன் தருவாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தருவார். ஆனால் ஜாமீன்தாரர் வேண்டும். உத்தனப்பள்ளிக்காரருக்கு ஜாமீன் நிற்க உத்தனப்பள்ளியில் நூறு பேர் இருப்பார்கள், தமிழ்நாட்டுப் பட்டாவோடு. அந்தக் கோர்ட்டில் உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்டால் என்ன செய்வது? இதையும் உச்ச நீதிமன்றம் 1978-லேயே தீர்த்துவைத்ததுதான். மோதி ராம் என்ற ஒரு கொத்தனாருக்கு ஜாமீன் நின்றவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட் ஒருவர் மறுத்தபோது, நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். வேறு மாவட்டத்துக்காரர், வேறு மொழிக்காரர் என்று ஜாமீன்தாரரைத் தள்ளுவது இந்தியா ஒரே நாடு என்பதற்கே விரோதம் என்கிற அளவுக்கு அந்தத் தீர்ப்பு போனது. தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும், வெளியூர்க் கோர்ட்டில் ஜாமீன் என்றால் ‘லோக்கல் சூரிட்டி கிடைக்குமா’ என்பதுதான் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி.

மொழி இன்னொரு சிக்கல். கர்நாடகக் கீழ்க் கோர்ட்டுகளில் கன்னடம் நடைமுறை மொழி. அதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று கேட்கிறவர்கள் அதைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பகுதியில் கன்னடம் பேசத் தெரிந்தவர்கள் நிறைய. வீட்டு மொழியே கன்னடமாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் பேசுவது வேறு, வாரண்டைப் படிப்பது வேறு. பள்ளியில் தமிழ் படித்தவருக்குக் கன்னட எழுத்து ஜாங்கிரிதான். வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்குத் தமிழும் அப்படித்தான், கன்னடமும் அப்படித்தான்.

77-ம் பிரிவு என்ன சொல்கிறது? வாரண்டின் சாரத்தைப் பிடிபட்டவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் காட்ட வேண்டும். எந்த மொழியில் என்று இல்லை. நகல் தர வேண்டும் என்றும் இல்லை. இங்கே சமீபத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமாக இருந்தாலும் கைதுக்கான காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே தர முடியாத சூழ்நிலை என்றால், ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்துவிட வேண்டும். ஆனால் அதே வருடம் மே மாதம் காசிரெட்டி உபேந்தர் ரெட்டி வழக்கில், வாரண்ட் மூலம் கைது என்றால் அந்த வாரண்டே கைதுக்கான காரணம்தான், அதைப் படித்துக் காட்டினால் போதும் என்றும் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கன்னட வாரண்டைக் கன்னடத்தில் ஓர் ஒடியாப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினால் ‘படித்துக் காட்டியது’ ஆகுமா? மிஹிர் ஷா தீர்ப்பின் மனசைப் பார்த்தால் ஆகாது. இதை யாராவது கோர்ட்டுக்குக் கொண்டுபோய்த்தான் முடிவு கட்ட வேண்டும் என்ற நிலைமையே ஒரு குறை. சட்டத்தில் ஒரு வரி போட்டால் தீரும் விஷயம் இது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லை என்பது அப்பாவி விவசாயிக்கு மட்டும் சொந்தமில்லை. செயின் பறித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடுகிறவனுக்கும், பைக் திருடி இந்தப் பக்கம் விற்கிறவனுக்கும் அது வசதி. 2025 நவம்பரில் உத்தனப்பள்ளி பக்கத்தில் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியில் ரகசிய கேமரா வைக்கப்பட்டது தெரிந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் ரோட்டில் உட்கார்ந்து போராடியதை எல்லோரும் செய்தியில் பார்த்தார்கள். அந்த வழக்கில் ஒருவர் இங்கேயே பிடிபட்டார். கூட்டாளியைத் தேடித் தமிழ்நாட்டுப் போலீஸ் மாநிலம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அப்போது வெளி மாநிலத்தில் ஒவ்வொரு ஆபீஸாக நின்று கையெழுத்து வாங்கட்டும் என்று அந்தப் பெண்களிடம் போய் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே போலீஸ் கையைக் கட்டிப்போடுவது இங்கே கேட்கப்படவில்லை. பிடிப்பதில் வேகம் இருக்கட்டும். பிடித்த பிறகு, வண்டி எல்லை தாண்டுவதற்கு முன் ஒரு உள்ளூர் அதிகாரி ஆளைப் பார்க்கட்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்கு ஆகும் நேரம் ஒரு மணியோ இரண்டு மணியோ. ஆளைப் பிடித்தாயிற்று, இனி எங்கே ஓடப்போகிறான்?

உள்ளூருக்குத் தெரியாமல் போனால் போலீசுக்கே ஆபத்து என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஒரு மோசடி வழக்குக்காகக் கேரளா போன பெங்களூரு சைபர் பிரிவு போலீசார் நால்வர் மீது, பிடிபட்டவர்களிடம் பணம் வாங்கினார்கள் என்ற புகாரில் களமசேரி போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. பிடிக்கப் போனவர்களே விசாரிக்கப்பட்டார்கள். 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், சந்தீப் குமார் வழக்கில், மாநிலம் தாண்டிப் போகும் போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதிவைத்தது. மேலதிகாரியிடம் அனுமதி வாங்குவது, போன ஊர் ஸ்டேஷனில் முதலில் தகவல் சொல்வது, திரும்பும்போதும் பதிவு செய்வது என்று அதில் இருப்பதெல்லாம் சாதாரணப் புத்திக்கு எட்டும் விஷயங்கள்தான். ஆனால் ஒரு மாநில உயர் நீதிமன்றம் போட்ட நெறிமுறை இன்னொரு மாநிலப் போலீசைக் கட்டாயப்படுத்தாது.

இனி மூன்றாவது கதவு. இது பழைய சட்டத்தில் இல்லாதது, பி.என்.எஸ்.எஸ். புதிதாகக் கொண்டுவந்தது. குறை சொல்லும்போது நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா? 82-ம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு: வெளி மாவட்டத்தில் வாரண்டை நிறைவேற்றிய போலீஸ், கைது செய்ததையும் ஆளை எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் அந்த மாவட்டத்தில் இதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரிக்கும், கைதானவர் வழக்கமாக வசிக்கும் மாவட்டத்தின் அதிகாரிக்கும் உடனே சொல்ல வேண்டும். இதற்கு 30 கிலோமீட்டர் விலக்கு என்று தனியாக எதுவும் சொல்லப்படவில்லை. ‘தாமதமாகும்’ என்ற சாக்கும் இல்லை. விடுதியிலிருந்து காணாமல் போன பிள்ளையைத் தேடி ஜார்க்கண்டிலிருந்து போன் போட்டு அழும் ஒரு தாய்க்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே பிரிவு இதுதான்.

ஆனால் அந்த அதிகாரி யார்? 37-ம் பிரிவுப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவரை மாநில அரசு நியமிக்க வேண்டும். கைதானவர்களின் பெயர், விலாசம், குற்றம் என்ன என்பது எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, டிஜிட்டலிலும்கூட, வைக்கப்பட வேண்டும். சட்டம் டெல்லியில் எழுதப்பட்டாலும் இதைச் செய்ய வேண்டியது சென்னைதான். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கான அந்த அதிகாரியின் நம்பர் அத்திபெலே ஸ்டேஷன் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், அத்திபெலே அதிகாரியின் நம்பர் உத்தனப்பள்ளி ஸ்டேஷனில் இருந்தால், இந்தக் கதவு திறக்கும். இல்லாவிட்டால் இதுவும் புத்தகத்தில்தான்.

மாநில அரசால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு அரசியல் சாசனத்திலேயே பதில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இரண்டாவது இனம். மத்தியச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் திருத்தம் கொண்டுவந்தாலும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால் 254(2)-ன் கீழ் அந்த மாநிலத்தில் அதுதான் செல்லும். தமிழ்நாடு இதைப் பயன்படுத்தத் தெரியாத மாநிலம் இல்லை. 2024 ஜூலையில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களிலும் என்னென்ன மாநிலத் திருத்தம் தேவை என்று பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. அண்ணா பல்கலைக்கழகச் சம்பவத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் ஒரு நாள் அறிமுகமாகி மறுநாளே நிறைவேறியது. அதில் பி.என்.எஸ்.எஸ். திருத்தங்களும் உண்டு. அவ்வளவு வேகம் முடியும் என்பது தெரிந்துவிட்டது.

தண்டனையைக் கூட்டுவது செய்தியாகும், கைதட்டு வாங்கும். 82-ம் பிரிவில் ஒரு வரியைத் திருத்துவதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் தண்டனை என்பது வழக்கு முடிந்த பிறகு வருவது. வாரண்ட் வருவது முதல் நாள் விடியற்காலை. அதற்கு வேண்டியது பெரிய சட்டமும் இல்லை. வாரண்ட் போட்ட கோர்ட் வேறு மாநிலத்தில் இருந்தால் 30 கிலோமீட்டர் விலக்கு செல்லாது என்று ஒரு வரி. வாரண்டின் நகலும், பிடிபட்டவருக்குப் புரியும் மொழியில் அதன் சாரமும் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்று இன்னொரு வரி. கர்நாடகமும் இதையே தன் பக்கம் செய்தால், இங்கிருந்து வாரண்டோடு போகும் போலீசிடமிருந்து ஆனேக்கல்காரருக்கும் அதே பாதுகாப்பு. ஓசூரில் 15 கிலோமீட்டர் என்றால் ஆனேக்கலிலும் அதே 15 கிலோமீட்டர்தான்.

குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்யக்கூடியதும் இருக்கிறது. இரண்டு மாவட்டப் போலீசும் உட்கார்ந்து பேசி, எல்லை தாண்டி வந்து பிடித்தால் ஓசூரில் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் காட்டிவிட்டுப் போவது என்று தாங்களாகவே வைத்துக்கொண்டால் எந்தச் சட்டமும் தடுக்காது. 30 கிலோமீட்டருக்குள் என்றால் நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் 82 சொல்கிறது. நிறுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. உத்தனப்பள்ளியிலிருந்து அத்திபெலே போகும் வண்டி எப்படியும் ஓசூர் வழியாகத்தான் போக வேண்டும். கோர்ட்டும், சப்-கலெக்டர் ஆபீசும் அந்த ஊரிலேயே இருக்கின்றன.